கோமுகி டு சிறுசேரி... ஒரு கணக்கு டூர்!

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் கச்சிராயபாளையம் போர்டு போட்ட பஸ்ஸில் ஏறுங்க. 15 கி.மீ. சொச்சம்தான். கரும்பு, மரவள்ளி, சர்க்கரை ஆலைக்குப் போகிற டிராக்டர்னு வேடிக்கை பார்த்து முடிக்கிறதுக்குள்ள வடக்கனந்தல் வந்துடும். எதிரே கல்வராயன் மலை, அடிவாரத்தில் கோமுகி அணை. டூரிஸ்ட்டுங்க எல்லாம் மேலே அருவிக்குப் போயிடுவாங்க. நாம இங்கேயே இறங்கிடுவோம். மேட்டரே இந்த ஊர் அக்கா ஒருத்தங்க பண்ற படிப்பைப் பத்தித்தான்!

அக்கா பி.எஸ்சி. மேத்ஸ். முடிச்சதும் வீட்டில் ஒரே பேச்சு: 'பி.எட். சேர்ந்துடும்மா.' நம்ம பக்கம் கணக்குப் படிச்சா டீச்சர். அதைத் தாண்டி ஒரு ரோடு போகுதுன்னே நிறைய பேருக்குத் தெரியாது. அக்கா நுழைவுத் தேர்வு எழுதி, சிறுசேரி சென்னை கணிதவியல் கழகத்தில், அதாங்க சி.எம்.ஐ., எம்.எஸ்சி. சேர்ந்துட்டாங்க. 'அங்கே போய் அப்படி என்னதான் படிக்கிறே?'ன்னு அவங்க அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. பதில் தேடி நானே கிளம்பிட்டேன்.

கள்ளக்குறிச்சியிலிருந்து சென்னை பஸ், கிளாம்பாக்கத்தில் இறங்கணும். அங்கிருந்து வண்டலூர் ரோட்டில் கேளம்பாக்கம். (கிளாம்பாக்கம் வேற, கேளம்பாக்கம் வேற, குழப்பிக்காதீங்க!) அப்புறம் ஓ.எம்.ஆரில் வடக்கே திரும்பினா சிறுசேரி சிப்காட். நம்ம இன்ஜினீயரிங் பசங்களோட கனவுக் கோட்டையான டி.சி.எஸ். இருக்கிற அதே ஐ.டி. பார்க்கில்தான் சி.எம்.ஐ.யும் இருக்கு. ஐ.டி. பார்க்குக்குள்ள பியூர் மேத்ஸ்... காமெடிதான்!

சரி, என்ன படிக்கிறாங்க? அல்ஜீப்ரா, அனாலிசிஸ், டோபாலஜி, காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸ்... பேரைச் சொன்னா புரியாது, ஒரு உதாரணம் பாருங்க. ஃபூரியர் சீரிஸ் நமக்கும் உண்டு. ஏ-நாட் கண்டுபிடி, ஏ-என் கண்டுபிடி, பி-என் கண்டுபிடி, மார்க்கை வாங்கிட்டுப் போயிட்டே இரு. அக்கா கேட்ட கேள்வி: "அந்த சீரிஸைக் கூட்டினா, நீ ஆரம்பிச்ச ஃபங்ஷனே திரும்பக் கிடைக்கும்னு யாருப்பா உனக்குச் சொன்னது?"

யாருமே சொல்லலை! 1873-ல் டு புவா-ரேமோன்ங்கிற ஜெர்மன்காரர் உடைவே இல்லாத ஒரு ஃபங்ஷனை எடுத்து, அதோட சீரிஸ் ஒரு புள்ளியில் எந்த மதிப்பிலும் போய் நிற்காதுன்னு காட்டிட்டார். அப்போ மத்த புள்ளிகளில்? 'கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் சரியா வரும்'னு ஸ்வீடன்காரர் கார்ல்சன் நிரூபிச்சது 1966-ல். நம்ம புக்கில் டிரிச்லெட் கண்டிஷன்ஸ்னு நாலு வரி வருமே, யாரும் ரெண்டாவது தடவை படிக்காத அந்த நாலு வரிக்குள்ளதான் அவங்க வாரக்கணக்கா உட்கார்ந்திருக்காங்க.

முதல் செமஸ்டரில் அக்கா திணறித்தான் போனாங்களாம். காலேஜில் தேற்றத்தை மனப்பாடம் பண்ணி எழுதிப் பழகின கை. இங்கே அசைன்மென்ட் கணக்கு எந்த கைடிலும் கிடையாது. ஒவ்வொரு வரிக்கும் 'ஏன்?' வேணும். அணைக்கரையில் உட்கார்ந்து ஒரே ஒரு கணக்கை மூணு நாள் யோசிச்சேன்னாங்க. லீவுக்கு வந்தப்பவுமா? கொடுமை பாஸ்!

இந்தப் பழக்கத்துக்கு நம்ம ஊரில் ஒரு பழைய கதை உண்டு. 1940, 50-களில் சென்னை லயோலா கல்லூரியில் ஃபாதர் ரசீன்னு ஒரு பிரெஞ்சுப் பாதிரியார், பழைய கேம்பிரிட்ஜ் பாணி சிலபஸைத் தாண்டி நவீன கணிதத்தைப் பசங்களுக்குக் காட்டினார். அதில் ரெண்டு பேர் காஞ்சிபுரத்தில் பிறந்த சி.எஸ்.சேஷாத்ரியும், அன்றைய வட ஆர்க்காட்டின் தண்டரை கிராமத்து எம்.எஸ்.நரசிம்மனும். 1953-ல் ரெண்டு பேரும் பம்பாய் டாடா ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனாங்க. 1965-ல் வந்த நரசிம்மன்-சேஷாத்ரி தேற்றம் இன்னிக்கும் உலகம் முழுக்கப் பேசப்படுது. அந்த சேஷாத்ரிதான் 1989-ல் சி.எம்.ஐ.யை ஆரம்பிச்சவர். சொந்தமா டிகிரி கொடுக்க அதுக்கு 2006 வரைக்கும் அனுமதி கிடையாது. முதல் சில பேட்ச்சுக்கு போபால் போஜ் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்தான் பட்டம் கொடுத்துச்சு!

காசு கவலையா? முதுகலைக் கணித மாணவர்களுக்கு தேசிய உயர் கணித வாரியத்தின் ஸ்காலர்ஷிப் இருக்கு, தனித் தேர்வு. பி.எஸ்சி. மேத்ஸ் ஃப்ரெண்ட் யாராச்சும் இருந்தா காதில் போட்டு வைங்க.

அக்காவோட அப்பா பி.எட். பேச்சை இன்னும் விடலை. அக்கா, அடுத்த செமஸ்டருக்கு என்னென்ன கோர்ஸ் எடுக்கலாம்னு லிஸ்ட் போட்டுக்கிட்டு இருக்காங்க.