கடற்குதிரை பிறந்த இடம்

வாங்கி வந்த மூன்றாம் நாளும் அது சாப்பிடவில்லை.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டின் கூடத்தில், உயரமான தொட்டியில், பிளாஸ்டிக் கொடியில் வாலைச் சுற்றிக்கொண்டு நின்றது. உறைந்த மைசிஸ் இறாலை உருக்கி, குழாயால் முகத்தருகே விட்டேன். ஒரு கண் மேலே பார்த்தது, மறு கண் என்னைப் பார்த்தது. இறால் மெல்ல இறங்கி அடித்தளத்தில் படிந்தது. கடற்குதிரைக்குப் பல் கிடையாது, இரைப்பையும் கிடையாது. தின்றதைச் சேர்த்து வைக்க உடம்பில் இடமில்லாததால், வளர்ந்ததற்கே நாளுக்கு இரண்டு மூன்று வேளை தீனி வேண்டும். அப்படிப்பட்ட உயிர் மூன்று நாள் பட்டினி.

கிள்ளானில் பல வருடமாகக் கடல் மீன் வளர்க்கும் அண்ணன் ஒருவரை அழைத்தேன். "எங்க பொறந்துச்சுன்னு கேட்டீங்களா தம்பி?" என்றார். நான் தீனியைப் பற்றிக் கேட்டேன், அவர் ஊரைக் கேட்கிறாரே என்று குழம்பினேன். "பண்ணைல பொறந்தது செத்த எறாலையும் திங்கப் பழகியிருக்கும். கடல்ல புடிச்சதுக்கு அசையுறதுதான் சாப்பாடு. உங்களோடது எறாலைச் சாப்பாடுன்னே நினைக்கலை."

ஞாயிற்றுக்கிழமை கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளான் போனேன். நம் வீடுகளில் சம்பல் இடிக்கும் அதே கூனி, ஆனால் உயிரோடு, காற்றடைத்த பிளாஸ்டிக் பையில் கிடைத்தது. அன்று மாலை பத்துப் பதினைந்தைத் தொட்டியில் விட்டேன். கடற்குதிரையின் இரு கண்களும் முதன்முறையாக ஒரே திசையில் திரும்பின. அவசரமே இல்லை. தலையைத் தாழ்த்தி, நீர் கலங்காமல் மூக்கை நெருக்கியது. 'டிக்' என்று ஒரு சத்தம் கண்ணாடி வழியாகவே கேட்டது. கூனியைக் காணோம். கழுத்துத் தசைநாரில் இழுத்து வைத்த விசையை ஒரே நொடிப்பொழுதில் விடுவித்துத் தலையை மேலே வெட்டி, இரையை நீரோடு உறிஞ்சும் வித்தை அது. நிம்மதியில் அன்றிரவு நெடுநேரம் தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் அண்ணனின் கேள்வி விடவில்லை. கடைக்காரரிடம் போனேன். "பண்ணைச் சரக்கு" என்றார். எந்தப் பண்ணை? பதில் இல்லை. வியட்நாமில் கடற்குதிரைப் பண்ணைகள் இருக்கின்றன, ஹவாயிலும் இருக்கிறது. அங்கிருந்து வந்திருந்தால், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் அனுமதிச் சீட்டு இருக்க வேண்டும். 2004 மே 15 முதல் எல்லாக் கடற்குதிரை இனங்களும் அந்த உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. கடலில் பிடித்ததா, வளர்ப்பில் பிறந்ததா என்பதைச் சீட்டிலேயே ஓர் எழுத்து சொல்லிவிடும். எனக்குக் காட்ட அவரிடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. வற்புறுத்திக் கேட்டதில் மொத்த வியாபாரியின் எண் கிடைத்தது. அவர் ஒளிக்கவில்லை: "ஜொகூர்காரங்க வலையில வந்தது."

என் தொட்டியில் நிற்பது எந்த இனம் என்று அதன் பிறகுதான் கூர்ந்து பார்த்தேன். முள்ளில்லாத வழவழப்பான உடல், பின்னோக்கிச் சாய்ந்த வட்டக் கொண்டை: ஹிப்போகாம்பஸ் கூடா. 1852-இல் பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) இருந்த டச்சு ராணுவ மருத்துவர் பீட்டர் பிளீக்கர் வைத்த பெயர். கூடா என்றால் மலாயில் குதிரை. இந்த வட்டாரத்துப் பேச்சுச் சொல்லையே அறிவியல் பெயராகச் சுமக்கும் மீன் இது.

ஜொகூர் என்றதும் புலாய் ஆற்று முகத்துவாரம் நினைவுக்கு வந்தது. 2003-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அதாவது ராம்சார் தலமாக, அறிவிக்கப்பட்ட அந்தச் சதுப்பு நிலத்தை ஒட்டிய மெராம்போங் கடற்புல் திட்டில், நீர் வற்றும் நேரங்களில் இறங்கி, கடற்குதிரைகளைத் தேடித் தேடி அளந்து பதிவு செய்தவர் டாக்டர் சூ சீ குவாங். 'சேவ் அவர் சீஹார்சஸ்' அமைப்பை உருவாக்கியவர். மலேசியக் கடற்குதிரை வணிகத்தையும் ஆராய்ந்தார். 2013-இல் இளம் வயதிலேயே மறைந்தார். அடுத்த ஆண்டு அந்தக் கரையோரம் நிலமீட்பு தொடங்கி, புல் திட்டின் ஒரு பகுதி மணலுக்கடியில் போனது. என்னுடையது அந்தத் திட்டில்தான் பிறந்தது என்று நிரூபிக்க என்னால் முடியாது. அப்படிப்பட்ட ஒரு புல்வெளியிலிருந்து வந்திருக்கலாம்.

திரும்பவும் கிள்ளான் போன ஒரு நாள், சீன மருந்துக் கடை ஒன்றின் கண்ணாடிச் சாடியில் காய்ந்த கடற்குதிரைகளைப் பார்த்தேன். எத்தனையோ முறை கடந்து போன கடை. அன்றுதான் நின்றேன். சுருண்ட வால்கள் அப்படியே இருந்தன. எதையோ பற்றிக்கொள்ளத் தேடியபடி காய்ந்த வால்கள். இந்தியா 2001-இலேயே கடற்குதிரையை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டது. அப்படியும் ராமநாதபுரம் கரையிலிருந்து கடத்தல் நிற்கவில்லை. வாங்குகிறவர் இருக்கும்வரை வலையும் இருக்கும். வாங்கியவன் என்ற வகையில் அதில் எனக்கும் பங்கு உண்டு.

ஐந்து வாரம் கூனியோடு மைசிஸைக் கலந்து கொடுத்த பிறகு, ஒரு காலையில் செத்த இறாலையும் அது உறிஞ்சியது. கோலாலம்பூர் வெப்பத்தில் நோய்க் கிருமி பெருகாமல் இருக்க, நீர் குளிரூட்டி இரவும் பகலும் ஓடுகிறது. தொட்டி நோய் ஏதும் கடலுக்குப் போய்விடக் கூடாது என்பதால் திரும்பக் கொண்டுபோய் விடவும் வழியில்லை. இருக்கும்வரை என் பொறுப்பு.

கடற்குதிரை வளர்க்க ஆசைப்படுகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். பணத்தை எடுப்பதற்கு முன், பண்ணையின் பெயரைக் கேளுங்கள். உறைந்த மைசிஸைப் போடச் சொல்லி, அது தின்பதைக் கண்ணால் பாருங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் வெறுங்கையோடு வீட்டுக்குத் திரும்புங்கள்.