விழாத நிழல்

தலைநகர் தில்லியில் நடுநிலை வகுப்புகளுக்கு நான் வரலாறு கற்பிக்கத் தொடங்கி 20 ஆண்டுகளுக்கு மேலாகின்றன. பிறந்த மண்ணை விட்டு நெடுந்தொலைவு வந்து வாழும் நமக்குப் பழம்பெருமை பேசுவதில் தனி இன்பம் உண்டு. அவ்வின்பமே ஒருமுறை என்னைத் தலைகுனிய வைத்தது. அதனை மறையாது கூறுவதே ஆசிரியனுக்கு அழகு என்று கருதி இதனை எழுதுகின்றேன்.

ஏழாம் வகுப்பில் சோழர் வரலாறு நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. உறவினர் ஒருவர் வாட்ஸப்பில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் எக்காலத்தும் தரையில் விழாது என்றும், அந்த நுட்பத்தை உலக அறிஞர் எவராலும் விளக்க இயலவில்லை என்றும் அதில் கண்டிருந்தது. படித்ததும் நெஞ்சு விம்மியது. ஒரு கணமும் தயங்காமல் பெற்றோர் குழுவுக்கு அதை அனுப்பிவிட்டேன். நான் தஞ்சைக்குப் போகாதவனா? இருமுறை போயிருக்கிறேன். வெயிலுக்கு அஞ்சி அந்த விமானத்தின் நிழலிலேயே அமர்ந்து இளைப்பாறியும் இருக்கிறேன்! கண்ணால் கண்டதையும் மறக்கச் செய்தது கைப்பேசியில் வந்த நான்கு வரி.

அடுத்த மாதம் பள்ளிகளுக்கிடையே பேச்சுப் போட்டி நடந்தது. என் வகுப்பு மாணவன், நம்மவர் வீட்டுப் பிள்ளை, சோழர் பெருமையைப் பேசினான். நிழலையும் சேர்த்தே பேசினான். "இதற்குச் சான்று என்ன?" என்று நடுவர் வினவினார். "எங்கள் சார் அனுப்பினார்" என்றான் பையன். அவை சிரித்தது.

மறுநாள் அவன் என்னிடம் வந்தான். அழவில்லை, கோபிக்கவும் இல்லை. "சார், நிழல் விழாது என்பது பொய் என்றால், இராசராசனைப் பற்றி நீங்கள் சொன்ன மற்றவையும் பொய்தானா?" என்று மட்டும் கேட்டான். அக்கேள்விக்கு முன் நான் வாயடைத்து நின்றேன். தமிழ்நாட்டுப் பிள்ளை ஐயுற்றால் ஒருநாள் நேரில் சென்று கோயிலைக் கண்டுவரலாம். இங்கு வளரும் பிள்ளைக்கோ, ஊரும் வரலாறும் நம் வாய்ச்சொல்லாகவே போய்ச் சேருகின்றன. அச்சொல் பொய்த்தால் அவனுக்கு எஞ்சுவது யாது?

அன்றைய பாடத்தை என் பிழையிலிருந்தே தொடங்கினேன். "நான் ஆராயாமல் அனுப்பினேன், அது தவறு" என்று வகுப்பின் முன் சொன்னேன். பிறகு, விண்கோள் எடுத்த தஞ்சைப் படத்தைத் திரையில் காட்டினேன். விமானத்தின் நிழல் தரையில் நீண்டு கிடந்தது. பொய்யைக் கொணர்ந்த கருவியே மெய்யையும் காட்டிற்று. நண்பகலில் விளையாட்டுத் திடலுக்குச் சென்று ஒரு கோலை நட்டோம். தஞ்சை நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் இருப்பதால், ஏப்ரலில் ஒரு நாளும் ஆகஸ்டில் ஒரு நாளும் நண்பகற் சூரியன் அங்கு நேர் உச்சிக்கு வருகின்றது. அந்த வேளையில் கோயிலுக்கு மட்டுமன்று, அவ்வூரில் நேராக நிற்கும் எந்தக் கம்பத்துக்கும் நிழல் நீளாது. தில்லியோ கடகக் கோட்டுக்கும் வடக்கே உள்ளது; இங்கு நட்ட கோலின் நிழல் ஆண்டில் ஒருநாளும் மறைவதில்லை. பிள்ளைகள் இதனை அளந்து குறித்துக்கொண்டார்கள்.

அடுத்து, மெய்யான பெருமையைத் தேடினோம். 1010-ஆம் ஆண்டில் நிறைவெய்திய அக்கோயிலின் சுவர்களே ஒரு பெரும் ஏடு. செருமானிய அறிஞர் ஹுல்ட்ஷ் அக்கல்வெட்டுகளைப் படித்து, 1891 முதல் பதிப்பித்தார். அவை இன்று கணினித் திரையிலும் கிடைக்கின்றன. கோயிலில் ஆடற்பணி புரிய வந்த 400 பெண்டிரின் பெயர், அவர்கள் எக்கோயிலிலிருந்து வந்தார்கள், எத்தெருவில் எந்த வீட்டில் குடியிருந்தார்கள், ஒவ்வொருவர்க்கும் ஆண்டுக்கு 100 கலம் நெல் எனும் பங்கு, யாவும் கல்லில் உள்ளன. "இத்தனை பேர் பெயரையுமா எழுதி வைத்தார்கள்!" என்று அந்தப் பையன் வியந்தான். நிழற்கதை சொன்ன நாளில் அவன் கண்களில் அவ்வொளியை நான் கண்டதில்லை.

சில நாட்களுக்குப் பின், மாணவி ஒருத்தி செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதித் தந்த கட்டுரையைக் கொணர்ந்தாள். நடையில் பழுதில்லை. ஆனால் அது மேற்கோள் காட்டிய நூலை எங்கெங்கோ தேடியும் காணோம். அப்படியொரு நூலே இல்லை. அந்நூலைத் தேடச் சொன்னவன் நானல்லன். நிழலில் ஏமாந்த அதே பையன்தான். கருவியை விலக்கச் சொல்லவில்லை. அது சொன்னதைச் சோதித்த பின் கொள்ளுமாறு சொன்னேன்.

வரலாற்று மாணவன் எந்தச் சான்றைக் கண்டாலும் கேட்பவை சில வினாக்களே. யார் சொன்னது? எப்போது சொன்னது? எதைக் கண்டு சொன்னது? வேறு சான்று இதனை ஒப்புகின்றதா? கைப்பேசியில் வரும் செய்திக்கும் இவையே போதும். பிறர்க்கு அனுப்புமுன் இவற்றைக் கேட்கும் பழக்கத்தை நம் வீடுகளில் பெரியவர்களே தொடங்கவேண்டும். பிள்ளைகள் நம் அறிவுரையைவிட நம் விரல்களையே உற்று நோக்குகிறார்கள்.

அன்றிரவு பெற்றோர் குழுவுக்கும் உறவினர்க்கும் திருத்தம் எழுதி அனுப்பினேன். உறவினர் சினந்தார், "நம் பெருமையை நீரே குறைக்கலாமா?" என்று கேட்டார். 400 பெயர்கள் கொண்ட அக்கல்வெட்டின் படியை அவர்க்கு அனுப்பினேன். இரண்டு நாள் மறுமொழி இல்லை. மூன்றாம் நாள், "இதைப் பிறர்க்கு அனுப்பலாமா?" என்று கேட்டு எழுதினார். அனுப்புமுன் கேட்டாரே, அதுவே எனக்குப் போதும்.