இரு குழல்கள்

வெள்ளவத்தை மாடிக் குடியிருப்பில் வாழும் அவ்விளைஞர், கொட்டாஞ்சேனைக் கோயில்களில் நாதஸ்வரம் வாசிப்பவர். தந்தையார் விட்டுச்சென்ற திமிரியின் உச்சக்குரலோடு அவர் மனம் ஒன்றவில்லை. 1956இல் மறைந்த இராஜரத்தினம்பிள்ளைக்காக அரங்கநாத ஆசாரியார் உருவாக்கிய பாரி நாதஸ்வரத்தின் வழிவந்த ஒன்றையே நாடினார். நரசிங்கம்பேட்டைக்கு முற்பணம் அனுப்பினார். பழைய வீட்டு மரமாகிய ஆச்சாவிலேயே கடைய வேண்டுமென்பது நிபந்தனை. பல்லாண்டு உலர்ந்த மரமன்றோ நாதத்தைத் தாங்கும்!

மாதங்கள் கழிந்து கருவி வந்தது. திமிரியில் மூச்சாலும் உதட்டாலும் வருந்தி வருவித்த சுத்த மத்திமம், இதில் இயல்பாகவே ஒலித்தது. அவர் மகிழ்ந்தார். தாயாரோ, “அப்பான்ரை குழலை இனித் தொடமாட்டியோ, தம்பி?” என்றார்.

அயலார் துயில் கலையுமென அஞ்சி, மறுநாள் விடியுமுன் இரண்டையும் கடற்கரைக்குக் கொண்டுசென்றார். முதலில் திமிரியையே வாசித்தார். கரையோரப் புகையிரதம் கடந்த பின்னரே புதியதை உறையிலிருந்து எடுத்தார்.