கடைசிப் பந்தி

டிசம்பர் 31, 2024, செவ்வாய்

வங்கியில் கொடுத்த டைரி அவருக்கு. இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் கொடுத்தது பையனுக்கு. நகைக்கடை டைரி எப்போதும் பால் கணக்குக்கும் அயர்ன்காரர் கணக்குக்கும். இந்த முறை நகைக்கடை டைரியை நான் எடுத்துக்கொண்டேன். பால் கணக்கை காலண்டர் கட்டத்தில் எழுதினால் போதும்.

ஸ்ரீரங்கம் கோயிலில் பகல் பத்து நடக்கிறது. பத்தாம் தேதி வைகுண்ட ஏகாதசி. இந்த ஊரில் வீடு இருப்பவர்களுக்கு ஜனவரி முதல் வாரம் என்றால், "இந்த வருஷம் நாங்க ஆறு பேர் வர்றோம்" என்று போன் வரும் வாரம். சென்னையிலிருந்து கொழுந்தனார் குடும்பம் ஏற்கெனவே டிக்கெட் எடுத்துவிட்டது.

மதியத்திலிருந்தே வாட்ஸப்பில் சூரிய உதயமும் ரோஜாப்பூவும். 'இந்த ஆண்டாவது உனக்காக வாழ்' என்று அதன்மேல் எழுத்து. அனுப்பிய பெண்களில் பாதிப் பேர் இருட்டில் எழுந்து கோலம் போட்டு, டிபனும் மதியச் சாப்பாடும் கட்டிக்கொடுத்துவிட்டு ஆபீசுக்கு ஓடுகிறவர்கள். வாழ்வது எத்தனை மணிக்கு என்று அந்தப் படத்தில் போடவில்லை.

ஜனவரி 1, 2025, புதன்

பத்திரிகை இணைப்பில் 'புத்தாண்டில் பெண்கள் தங்களுக்காகச் செய்துகொள்ள வேண்டியவை' என்று ஒரு பக்கம். வெந்நீர் குடிப்பது, யோகா, மூச்சுப் பயிற்சி, நடை. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே யோசனை: வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்துவிடுங்கள்.

பதினொரு மணிக்குப் படுத்து நாலரைக்கு எழுகிறவள், ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்தால் மூன்றரை. அந்த ஒரு மணி நேரம் யாருடையது? என் தூக்கத்தில் எடுத்து என் நடைக்குக் கொடுக்கச் சொல்கிறார்கள். வலது பையிலிருந்த காசை இடது பையில் போட்டுவிட்டு வருமானம் என்று சொல்வது போல இருக்கிறது. வீட்டில் வேறு யாருடைய நேரத்திலும் ஒரு நிமிஷம்கூடக் குறையாது.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ல் நாடு முழுக்க ஒரு கணக்கு எடுத்தது. யார் எந்த வேலையில் எத்தனை நிமிஷம் செலவிடுகிறார்கள் என்று. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குக் கொடுப்பது நாளைக்கு 299 நிமிஷம். ஆண்கள் 97. இந்த 97-ம் வீட்டு வேலையில் கையை வைக்கிற ஆண்களின் சராசரி மட்டும்தான். கையை வைக்கிறவர்களே நூற்றுக்கு இருபத்தாறு பேர். பெண்களில் எண்பத்தொன்று. பத்திரிகைப் பக்கத்தில் இந்தக் கணக்கையும் ஓர் ஓரமாகப் போட்டிருக்கலாம். மூச்சுப் பயிற்சிக்கு நேரம் ஏன் இல்லை என்று புரிந்திருக்கும்.

ஜனவரி 4, சனி

டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். தீபாவளியிலிருந்தே மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஆபீசில் இரண்டாம் மாடி. நடுவில் நின்று போன் பார்ப்பது போலப் பாவனை செய்துவிட்டு ஏறுவேன். நகம் வெள்ளையாக, தட்டையாக ஆகிவிட்டது.

இன்னொன்று உண்டு. அரிசி களையப் போகும்போது ஒரு பிடி பச்சையாக வாயில் போட்டு மெல்லாமல் இருக்க முடிவதில்லை. அத்தை பார்த்துவிட்டு, "பச்சரிசி தின்னா கல்யாணத்துல மழை பெய்யும்டி" என்பார். எனக்குக் கல்யாணம் ஆகி இருபத்து மூன்று வருஷமாகிறது.

ஜனவரி 6, திங்கள்

ஹீமோகுளோபின் 8.9. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. டாக்டர் அம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு நிமிரக்கூட இல்லை, "அரிசி மெல்லுவீங்களா?" என்று கேட்டார். இரும்புச் சத்து குறைந்தவர்களுக்கு அரிசி, பல்பம், மண், ஐஸ் என்று எதையாவது மெல்லத் தோன்றுமாம். கல்யாணத்து மழைக்குப் பின்னால் இப்படி ஒரு விஷயம் இருந்திருக்கிறது.

அப்புறம் கேள்விகள். மாதவிலக்கு எத்தனை நாள், எவ்வளவு போக்கு. ஆறு மாதமாக அதிகம்தான் என்றேன். நாற்பத்தேழு வயதில் அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள் என்றேன். "எல்லாரும்னா யாரு? அவங்க யாராவது ஸ்கேன் பார்த்தாங்களா?" என்றார். ஸ்கேன் எழுதியிருக்கிறார். பூச்சி மாத்திரை ஒன்று. இரும்பு மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன், எலுமிச்சை ஜூசோடு. கறுப்பாக வெளிக்குப் போகும், பயப்பட வேண்டாம். ஹீமோகுளோபின் ஏறியதும் நிறுத்திவிடக் கூடாது, உடம்பில் இருப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் தொடர வேண்டும்.

"சாப்பிட்டதும் காபி குடிப்பீங்களா?" ஸ்ரீரங்கத்தில் இதை ஒரு கேள்வியாகக் கேட்க வேண்டுமா! காபி, டீ இரண்டுமே சாப்பாட்டில் உள்ள இரும்பை உடம்பில் சேரவிடாதாம். முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தள்ளி வைக்கச் சொன்னார்.

கடைசியில் ஒரு கேள்வி: "மதியம் எத்தனை மணிக்குச் சாப்பிடுறீங்க? என்ன சாப்பிடுறீங்க?" லீவு நாளில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு, மூன்று மணிக்கு மேல். மிச்சம் இருப்பதை. காய் தீர்ந்திருந்தால் மோரும் ஊறுகாயும். "பாதி வியாதி அந்த மிச்சத்துலதான் இருக்கு" என்றார்.

2019-21-ல் எடுத்த தேசிய குடும்பநல ஆய்வில், நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53.4. நான்கு வேளை அடுப்பெரியும் வீடுகளும் இந்தக் கணக்கில் உண்டு என்பதற்கு நான் சாட்சி.

ஜனவரி 7, செவ்வாய்

அவரிடம் ரிப்போர்ட்டைக் காட்டினேன். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார். நல்ல மனிதர். பதறிப்போய் பேரீச்சம்பழமும் மாதுளம்பழமும் வாங்கி வந்தார். மாதுளையை உரிக்க வேண்டியது நான்.

ஜனவரி 9, வியாழன்

இன்று மோகினி அலங்காரம். கொழுந்தனார் குடும்பம், நாத்தனார் குடும்பம், நாத்தனாரின் மாமியார். கூடம் முழுக்கப் பாய். பாத்ரூம் ஒன்று.

ஜனவரி 10, வெள்ளி

விடியுமுன் சொர்க்கவாசல் திறந்தது. வீட்டில் பாதிப் பேர் கூட்டத்துக்குள் போய்விட்டார்கள், நாங்கள் டிவியில் பார்த்தோம். ஏகாதசி விரதம் என்றால் சமையலறைக்கு ஓய்வு என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். அரிசிதான் கிடையாது. கோதுமை ரவை உப்புமா, சின்னப் பிள்ளைகளுக்குச் சாதம், உப்புமாவும் தொடாத பெரியவர்களுக்குப் பால், பழம். மூன்று சமையல்.

மாத்திரைக்காக நான் சாப்பிட வேண்டும். அத்தை என்ன சொல்வாரோ என்று இருந்தது. எழுபத்தெட்டு வயதிலும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஏகாதசி இருப்பவர். தட்டோடு நான் நிற்பதைப் பார்த்து, "மருந்து சாப்பிடுறவளுக்கு விரதம் கிடையாது. உக்காந்து சாப்பிடு, நின்னுக்கிட்டு சாப்பிடாதே" என்றார். சாஸ்திரம் இடம் கொடுக்கிறது. இடம் கொடுக்காதது வேலைதான்.

சாயங்காலம், நாளைக்கு விரதம் முடிக்கிற பாரணைக்காக அகத்திக்கீரை ஆய உட்கார்ந்தோம். அகத்தி இலை பொடிப்பொடியாக, காம்பு காம்பாக உருவ வேண்டும். பத்துப் பன்னிரண்டு பேருக்கென்றால் ஒரு சாக்கு அளவு வேண்டும், வதக்கினால் ஒரு கிண்ணம் வரும். ஆய்ந்தது நான், ஓரகத்தி, நாத்தனார், என் மகள். ஆண்கள் கூடத்தில் கோயில் கூட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஜனவரி 11, சனி, துவாதசி

இதைக் கொஞ்சம் விவரமாக எழுத வேண்டும்.

துவாதசிப் பாரணைக்கு அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய். புளி கிடையாது. டாக்டர் அம்மா எழுதித் தந்த தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. கீரையில் இரும்பு. அது உடம்பில் சேர வைட்டமின் சி வேண்டும். அது நெல்லிக்காயில் ஏராளம். என் ரத்தத்துக்கு வேண்டிய சாப்பாட்டை வருஷா வருஷம் என் கையால் சமைத்திருக்கிறேன். இலையில் அது எனக்கு வந்து சேர்ந்ததே இல்லை. விரதம் இருந்தவர்கள் முதல் பந்தி. பிறகு மற்ற ஆண்கள், பிள்ளைகள். பரிமாறுகிற பெண்கள் கடைசிப் பந்தி. அதற்குள் கீரைச் சட்டியில் வழித்தெடுக்கத்தான் இருக்கும்.

இன்று முதல் பந்திக்கு இலை போடும்போது எனக்கும் ஒன்று போட்டேன். அத்தைக்குப் பக்கத்தில். உட்கார்ந்தேன்.

கூடம் ஒரு நொடி அப்படியே நின்றது. கொழுந்தனார் சிரித்துக்கொண்டே, "அண்ணி, நீங்க உக்காந்துட்டா யாரு பரிமாறுறது?" என்றார். கேலிதான், கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் கேள்வி நிஜமான கேள்வி. புத்தாண்டு வாழ்த்துப் படம் போடுகிற ஒருவரும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. நான் உட்கார வேண்டுமானால் இன்னொருவர் எழுந்திருக்க வேண்டும். வேறு வழியே கிடையாது.

ஓரகத்தி எழப் போனாள். அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். "நீங்களும் தம்பியும் போடுங்க" என்றேன், கணவரைப் பார்த்து. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். என்ன கிண்ணத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. நெல்லிக்காய்ப் பச்சடியை மோர் என்று நினைத்துச் சாதத்தில் ஊற்றினார். நாத்தனாரின் மாமியார் இலையில் கீரையை மறந்துவிட்டு இரண்டு முறை அப்பளம் வைத்தார். என் இலையில் கீரை ஒரு கரண்டி விழுந்தது, சூடாக. அகத்தி இவ்வளவு கசக்கும் என்பதே மறந்துபோயிருந்தது.

யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. பாரணை நேரத்துக்கு முடிந்தது. அகத்தி மருந்தை முறிக்கும் என்று அத்தை சொன்னதால் மாத்திரையை ராத்திரிக்குத் தள்ளினேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். மதியம் தூங்கினேன்.

ஜனவரி 19, ஞாயிறு

வந்தவர்கள் போய்விட்டார்கள். ராத்திரிச் சாப்பாட்டின்போது வேலைகளைப் பிரிப்பது பற்றிப் பேச்சு எடுத்தேன். அத்தை உடனே, "அவ பெரியவளாயிட்டாளே, அவ பாத்துக்கட்டும்" என்று மகளைக் காட்டினார். முடியாது என்றேன். நான் நடக்கப் போக என் பெண் அடுப்படியில் நிற்பதானால் அந்த நடை எனக்கு வேண்டாம். ஒரு பெண்ணின் சுமையை இன்னொரு பெண்ணின் தலையில் மாற்றி வைப்பதைத்தான் நம் வீடுகளில் 'அனுசரித்துப் போவது' என்கிறோம். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கும் ஒரு வீடு இருக்கிறது, அங்கேயும் கடைசிப் பந்திதான்.

மாவு அரைப்பதும் சனி, ஞாயிறு காலை டிபனும் அவர். ராத்திரிப் பாத்திரம் பையன். அவன், "பதினொண்ணாவது பரீட்சை வருதுமா" என்றான். "உங்க அக்காவும் பதினொண்ணாவது படிச்சா" என்றேன். லீவு நாளில் மதியம் ஒன்றரைக்கு எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுவது, எல்லாவற்றையும் நடுவில் வைத்து அவரவர் போட்டுக்கொள்வது. அவர் ஒத்துக்கொண்டார். ரிப்போர்ட்டில் இருந்த எண் இல்லாவிட்டால் ஒத்துக்கொண்டிருப்பாரா என்பது சந்தேகம். களைப்பு என்று நான் சொன்னபோது கேட்காத காது, 8.9 என்று லேப் தாள் சொன்னபோது கேட்டது. அப்படியானால் தாளைக் காட்டிக் கேட்பதில் தப்பில்லை.

ஜனவரி 25, சனி

உளுந்தை அதிகமாக ஊறப்போட்டு மாவு பொங்கி மேடையெல்லாம் வழிந்திருந்தது. துடைத்தது அவர். நான் போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் கை தானாகத் துணியை எடுக்கும்.

ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் போய் ஸ்கேன் எடுத்துக்கொண்டு, வரும்போது அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' தொகுப்பை நூலகத்திலிருந்து எடுத்து வந்தேன். கல்லூரியில் படித்தபோது அது ராஜஸ்தானத்து வீட்டுக் கதையாகத் தெரிந்தது. ஸ்கேனில் சின்ன நார்க்கட்டி. பயப்பட ஒன்றுமில்லை, ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார்கள்.

ஜனவரி 31, வெள்ளி

தஞ்சாவூரில் இருக்கும் தங்கைக்குப் போன் செய்தேன். அவளும் படியேறினால் மூச்சு வாங்குகிறது என்கிறாள், அவளும் வயசாகிவிட்டது என்கிறாள். நாற்பத்து நாலு வயது. அவளிடம் சொன்னதையே இங்கேயும் எழுதி வைக்கிறேன், படிக்கிற பெண்கள் யாராக இருந்தாலும் சரி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் இலவசமாகப் பார்க்கிறார்கள், இரும்பு மாத்திரையும் இலவசம். அடுத்த வாரமே போய்விடுங்கள். போகிற அன்றைக்கு மதியச் சமையலை யார் செய்வது என்பதை முதல் நாள் ராத்திரியே பேசி முடித்துவிட்டுப் போங்கள். நாலு மணிக்கு எழுந்து நீங்களே சமைத்து வைத்துவிட்டுப் போகாதீர்கள்.