தரையில் இருந்த கேத்தல்

நிவித்திகல பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நான் போன காம்பராவின் குசினி நாலு எட்டில் முடிந்துவிடும். விடிந்தும் விடியாத நேரம். அந்த வீட்டு அம்மாயியின் மகள் ரப்பர் பால் வெட்டப் போயிருந்தார். ஒன்றரை வயதுப் பேரன் அம்மாயியின் பொறுப்பில். தரையோடு தரையாக மண் அடுப்பு, ரப்பர் விறகுப் புகை, பக்கத்தில் தேத்தண்ணிக் கேத்தல்.

நானும் தரையில் குந்தினேன். குந்தினால்தான் தெரிகிறது, கேத்தலின் பிடி பிள்ளையின் மூக்குக்கு நேரே இருப்பது.

"அது அப்பவே இறக்குனது தம்பி, ஆறிருச்சு" என்றார் அம்மாயி. மூடியைத் தூக்கினேன். என் மூக்குக்கண்ணாடி ஆவியில் மறைந்தது. பிள்ளையின் தோல் நம் தோலைவிட மெல்லிசு. 60 பாகை செல்சியஸ் வெந்நீர் பெரியவர்களையே ஐந்தாறு செக்கனில் ஆழமாக வேகவைத்துவிடும். பிள்ளைக்கு அவ்வளவு நேரமும் தேவையில்லை.

குசினி வாசலை மறிக்கத் தாத்தா ஒரு பலகை அறுத்து வைத்திருக்கிறார். கால் தடுக்குகிறதென்று அது சுவரோரம் சாய்ந்து கிடந்தது, மேலே ஈரத் துவாய்.

தட்டில் ஒரு குப்பி விளக்கு. கரண்ட் இருக்கும் வீடுதான்; 2022 மின்வெட்டில் திரும்பி வந்தது, அப்படியே தங்கிவிட்டது. இந்த விளக்குகள் கவிழ்ந்து எரிந்தவர்களுக்கு வைத்தியம் பார்த்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, கட்டையான மார்மைட் போத்தலைப் பார்த்து 'சுதீப' விளக்கை உருவாக்கினார். கனமான கண்ணாடி, உருளாதபடி இரண்டு பக்கம் தட்டை, திருகு மூடி. 1998இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. இந்தத் தட்டில் இருந்ததோ நெட்டைப் போத்தல். விரல் பட்டதும் ஆடியது.

"சுட்டா என்ன செய்வீங்க?"

"பல்லு வெளக்குற பசைதான்."

பசையும் வேண்டாம், ஐஸும் வேண்டாம். பச்சைத் தண்ணீரை இருபது நிமிடம் விடாமல் ஊற்றுங்கள், யாராவது 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும் என்றேன். ஆனால் பீலி லயத்தின் கோடியில். இருபது நிமிடத் தண்ணீருக்கு எங்கே போவது? அம்மாயி பெரிய வாளியை நிரப்பி வைத்தார். திறந்த வாளி தவழும் பிள்ளைக்கு இன்னொரு ஆபத்தாயிற்றே என்று நான் இழுப்பதற்குள் அந்தப் பலகையை எடுத்து அதன்மேல் மூடினார்.

கேத்தல் தட்டுக்கு ஏறியது. குசினி வாசல் இப்போது திறந்து கிடந்தது.

"இன்னொரு பலகை அறுக்கணும்" என்றார், இஸ்தோப்பில் இருந்த தாத்தாவுக்குக் கேட்கும்படி.