வண்டியை எங்கே நிறுத்துவது?

கரியாலூர், கல்வராயன்மலை

அன்பு மாப்ளே,

லீட்ஸில் உன் மகளும் மருமகனும் செய்வதுபோல நாமும் ஒரு இடம் பிடித்துப் போட்டுவிடலாம் என்று நீ புறப்படும்போது பேருந்து நிலையம் வரை சொல்லிக்கொண்டே வந்தாயே, அது இங்கே வந்தும் விடவில்லை. மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை ஒரு பண்ணையில் கேரவனை நிறுத்திவிடுகிறார்கள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் காரில் போய் இறங்கினால் விரித்த படுக்கை அப்படியே இருக்கிறது. எல்லாம் சரி. போனாலும் போகாவிட்டாலும் சீசன் பணம் முழுதாகக் கட்ட வேண்டும் என்பதை மட்டும் நீ மெல்ல முழுங்கிவிட்டாய்.

நான் சுற்றுகிற கட்சி என்பது உனக்குத் தெரியும். பழைய டெம்போ டிராவலரை ஆளுக்குப் பாதி போட்டு வாங்கி, ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடையாய் நடந்து, மெத்தையும் அடுப்பும் வைத்தது ஒரே புளியமரத்தடியில் நிறுத்தி வைக்கவா? ஆனால் சுற்றுவதிலும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நாலு மணி அடித்தால் வயிற்றைக் கலக்குகிறது. இரவுக்கு இடம் தேட வேண்டும். தரை சமமாக இருக்க வேண்டும், தண்ணீர் பிடிக்கக் குழாய் வேண்டும், கழிப்பறைத் தொட்டியைக் கொட்ட வழி வேண்டும், யாரும் வந்து கண்ணாடியைத் தட்டக் கூடாது. காட்டு எல்லைக்குள் வனத்துறை தங்க விடாது. பெட்ரோல் பங்க் ஓரம் என்றால் விடிய விடிய கரும்பு லாரி. கேரளாவில் அரசே 2021-ல் கேரவன் சுற்றுலாவை ஆரம்பித்து, மறு வருஷமே வாகமண்ணில் வண்டி நிறுத்த ஒரு பார்க்கையும் திறந்துவிட்டார்கள். இங்கே நம்ம வண்டியைக் கண்டால் பிள்ளைகள் ஓடி வந்து "உள்ள எந்த நடிகரு?" என்று கேட்கிறார்கள். நான் இறங்கியதும் அந்த முகங்களைப் பார்க்க வேண்டுமே!

கள்ளக்குறிச்சியில் நிற்கவில்லை. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே ஏறினேன். அடிவாரத்துச் சோதனைச் சாவடியில் ஒரு இளைஞர் வண்டிக்குள் தலையை விட்டு, நம்ம கடைத்தெருவில் வாங்கிய வெல்லத்தைக் கையில் எடுத்து, "இது எதுக்கு சார்?" என்றார். பாயசத்துக்கு என்றேன். சிரித்தார், ஆனாலும் எடை பார்ப்பதுபோல ஒரு தரம் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வைத்தார். மலையில் சாராய ஊறல் போட வெல்லம்தானே முதல் சரக்கு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தது மெத்தனால் கலந்த சாராயத்தால். அது மலையில் ஊறுகிற சரக்கு அல்ல. ஆனாலும் எல்லோர் பார்வையும் இந்த மலைமேல்தான் வந்து விழுந்தது. ஒரு நல்லது, உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்து, மலைக்காரர்கள் பிழைக்க ரோடு எங்கே, வேலை எங்கே என்று அரசைக் கேட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். படகுத்துறைப் பக்கம் நிறுத்த இடமில்லாமல் அலைந்தபோது, மரவள்ளிக் கொல்லையை ஒட்டிய ஒரு களத்தைக் காட்டி, "இங்க உட்டுக்கோங்க சார்" என்றார் ஒரு அம்மா. நம் வயதுதான் இருக்கும். வீட்டு வாசலில் பாதி இடத்தில் கடுக்காய் காய்ந்தது. மீதிப் பாதியில் முறமும் கையுமாக அவர். சாமையைப் புடைக்கும்போது முறத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து விரலால் தட்டுகிறார், கல் தனியாக, உமி தனியாக, அரிசி தனியாக நகர்ந்து போய் நிற்கிறது. நம் வீட்டில் மிக்சியைச் சுத்தம் செய்கிற நேரத்தில் ஒரு படி முடித்துவிட்டார்.

ராத்திரி சாப்பிடக் கூப்பிட்டார். சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, ஒரு கீரைக் கடைசல். கீரை என்ன கீரை என்று கேட்டேன், கொல்லையில் முளைத்தது என்று சொல்லி முடித்துவிட்டார். சோறு உதிரியாக இருந்தது, குழம்பை உடனே குடித்துவிடுகிறது, அதனால் மறுபடி மறுபடி ஊற்றினார். மாப்ளே, அரிசிச் சோறு தின்றே வளர்ந்த நமக்கு இது ஒரு கவளம் கூடுதலாகப் போகிறது, ஆனால் வயிறு கனக்கவில்லை. அதற்கு மேல் ஒரு காபி இருந்திருந்தால் அந்த இரவை எழுதியே கொடுத்திருப்பேன். வந்தது பாக்கெட் டீ. அவருடைய மகனும் மருமகளும் ஒவ்வொரு வருஷமும் குடகுக்குக் காபிப் பழம் பறிக்கப் போகிறவர்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

சாமை அறுத்ததும் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்களாம். கார்த்திகையிலிருந்து மாசி வரை அங்கே தோட்டத்து லயத்தில் ஒரே அறை, பிறகு மிளகு இருந்தால் இன்னும் கொஞ்ச நாள். பேரப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பேர் இருந்தும் பாதி வருஷம் அங்கேதான். இந்தத் தெருவில் அப்போது கிழங்களும் நாய்களும் மட்டும். "இருட்டினா ஒரு வெளக்கு தெரியாது சார், எனக்கு அதான் கஷ்டம்" என்றார். அதனால்தான் இடம் தருகிறேன் என்கிறார். அவர்கள் இல்லாத மாசங்களில் நம் வண்டி களத்தில் நிற்கட்டும், மின்சாரமும் தண்ணீரும் அவர் வீட்டிலிருந்து. பிள்ளைகள் திரும்பியதும் நாம் கிளம்பிவிட வேண்டும். கேட்கிற பணம், நம் ஊரில் மாடி வீட்டுக்கு ஒரு மாச வாடகை. அதுதான் சீசனுக்கு மொத்தமும்.

களம் யார் பேரில் இருக்கிறது என்று, வங்கிப் புத்தி, கேட்டுவிட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. இந்த மலை முழுதும் சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகிர்தார்களிடம் இருந்தது. அரசு எடுத்துக்கொண்டது 1976-ல்தான். அப்போது அவர் சின்னப் பெண். அப்பா கூலியில்லாமல் ஜாகிர் வேலைக்குப் போனது நினைவிருக்கிறது என்றார். இந்த மலைக்காரர்கள், தாங்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்று பரம்பரையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். வந்து இத்தனை தலைமுறை உட்கார்ந்தும், வருஷத்தில் பாதியை வெளியில் சுற்றித்தான் கழிக்க வேண்டியிருக்கிறது. நீயும் நானும் டீக்கடையில் உட்கார்ந்து, நிற்பதா சுற்றுவதா என்று கட்சி கட்டியதை நினைத்தால் கொஞ்சம் சிரிப்பாகவும் இருந்தது, கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது.

ஆனாலும் எனக்கு ஒன்று தெளிந்துவிட்டது. சுற்றும்போது நான் பார்த்தது மேகம் அருவி, பெரியார் அருவி, பலகைகள். நின்ற பிறகுதான் யார் வீட்டு மாடு எப்போது திரும்பும் என்று தெரிகிறது. மரவள்ளி விலை விழுந்தால் தெரு முழுக்க முகம் எப்படி மாறுகிறது என்றும் தெரிகிறது. சின்னசேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் வைப்பதுதான் இங்கே விலை. உன் கட்சி பாதி ஜெயித்தது என்று வைத்துக்கொள். கார்த்திகை முதல் மாசி வரை களத்தில் நிற்போம். பங்குனி பிறந்ததும் வண்டியை எடுத்துச் சுற்றுவோம், அது என் பாதி. உன் மகளுக்கு வெயில் காலம் சீசன், நமக்குக் குளிர் காலம், அவ்வளவுதான் வித்தியாசம். மார்கழியில் இங்கே ராத்திரி பல் தந்தியடிக்குமாம், அதனால் உன் சம்சாரத்திடம் கம்பளியைப் பற்றி இப்போதே பேசு, என்னிடம் தள்ளிவிடாதே.

பதிலை உடனே எழுது. சேலத்திலிருந்து ஒரு கோஷ்டி அதே களத்தில் கூடாரம் போடக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறது, அவர்களிடம் பாட்டுப் பெட்டி இருக்கிறது என்பதால் அந்த அம்மா இன்னும் சரி சொல்லவில்லை. வரும்போது பித்தளை ஃபில்டரும், அன்றைக்கு அரைத்த தூள் அரைக் கிலோவும். ஒரு கிலோவாகவே வாங்கிவிடு, அந்த அம்மாவுக்கும் மகனுக்கும் போட்டுக் கொடுக்க வேண்டும்.

உன்,
சுற்றுகிற கட்சிக்காரன்