ஊஞ்சல் பட்டையின் ஓட்டை

எங்கள் வீட்டு ஊஞ்சல் என் அப்பா காலத்தது. தேக்குப் பலகை. உத்தரத்தில் நான்கு இடங்களில் இரும்புப் பின் உண்டு. ஒவ்வொரு பின்னிலும் ஓட்டை போட்ட ஓர் இரும்புப் பட்டை தொங்கும். அந்தப் பட்டையிலிருந்து சங்கிலி இறங்கும். அறுபது வருஷத்துக்கு மேலாக அதில் ஆடாதவர் எங்கள் குடும்பத்தில் இல்லை. இப்போது கடைசிப் பேரனின் முறை. அவன் உட்கார்ந்தால் ஊஞ்சல் சுவரைத் தொடாத குறைதான்.

அந்த நான்கு ஓட்டைகளைப் பற்றி என்னை யோசிக்க வைத்தவள் என் பேத்தி. பெங்களூரில் இயந்திர உறுப்புகளை வடிவமைக்கும் வேலை. விடுமுறைக்குப் புதுச்சேரி வந்தபோது வேலையையும் மடிக்கணினியில் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் பயன்படுத்தும் மென்பொருள் சாலிட்வொர்க்ஸ். அமெரிக்காவில் பிறந்தது என்றாலும் 1997 முதல் தஸ்ஸோ சிஸ்தெம் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. பிரெஞ்சு வழியில் படித்தவனுக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் காது நிமிராதா? நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

திரையில் ஓட்டையுள்ள ஒரு பட்டை. அந்த ஓட்டைக்கு அவள் 'பேரிங் லோடு' கொடுத்துக்கொண்டிருந்தாள். பேரிங் என்றதும் நம்மில் பலருக்கு சைக்கிள் சக்கரத்துக் குண்டுகள் நினைவுக்கு வரும். பிரெஞ்சில் 'ருல்மான்' என்போமே, அது. இது அதுவல்ல. ஓட்டைக்குள் நுழைந்த பின், ஓட்டையின் சுவரை அழுத்தும் பாரம்.

"தாத்தா, பின்னால தள்ளத்தான் முடியும், இழுக்க முடியாது. அதனால ஓட்டையோட பாதிச் சுவர்தான் பாரம் தாங்கும். மறுபாதி சும்மா இருக்கும்" என்றாள்.

தாங்குகிற அந்தப் பாதியிலும் அழுத்தம் சீராக இல்லை. நடுவில் அதிகம். இரு பக்கமும் போகப் போகக் குறைந்து, ஓரத்தில் ஒன்றுமில்லை. மென்பொருளில் எந்த ஓட்டை, எந்தத் திசை, எவ்வளவு பாரம் என்று சொல்லிவிட்டால் அதுவே இப்படிப் பங்கிட்டுக் கொள்கிறது. பாரத்தை ஓட்டையின் விட்டத்தாலும் பட்டையின் கனத்தாலும் வகுத்தால் சராசரி அழுத்தம் வரும். நடுவில் விழுவது அதைப்போல் ஏறத்தாழ 1.27 மடங்கு. அனுபவமில்லாதவர்கள் ஓட்டைச் சுவர் முழுக்கப் பாரத்தைச் சமமாகப் பூசிவிடுவார்களாம். அப்படிச் செய்தால் பின்னை ஓட்டையில் பசை போட்டு ஒட்டியதுபோல் ஆகும். மறுபாதியும் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும். திரையில் வரும் விடை நிஜத்தைவிடச் சாதுவாக இருக்கும்.

கணக்கு முடிந்ததும் படம் வண்ணமாயிற்று. பின் அழுத்துகிற இடத்தில்தான் சிவப்பு விழும் என்று யாரும் எதிர்பார்ப்போம். ஆனால் கடுஞ்சிவப்பு ஓட்டையின் இரு பக்கவாட்டிலும் இருந்தது. அங்கேதான் இரும்பு பிய்க்கப்படுகிறதாம். தேய்வது ஓரிடம், விரிசல் விடுவது வேறிடம்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. அமெரிக்காவில் ஒஹையோ ஆற்றின்மேல் 1928-இல் கட்டிய சில்வர் பிரிட்ஜ், 1967 டிசம்பர் 15 அன்று மாலை நெரிசலில் வாகனங்களோடு ஆற்றில் விழுந்தது. 46 பேர் இறந்தார்கள். அந்தப் பாலம் கம்பி வடத்தில் தொங்கவில்லை. இரு முனையிலும் ஓட்டையுள்ள இரும்புப் பட்டைகளைப் பின்களால் கோத்த சங்கிலியில் தொங்கியது. நம் ஊஞ்சல்போலத்தான். அதில் ஒரே ஒரு பட்டையின் ஓட்டைப் பக்கவாட்டில், சில மில்லிமீட்டரே ஆழமுள்ள விரிசல். துருவும் பாரமும் சேர்ந்து வளர்த்தது. பட்டைகள் பொருந்தியிருந்த நிலையில் கண்ணுக்குத் தெரியாத இடம்.

இதைக் கேட்ட பிறகு எனக்கு ஊஞ்சலை நிமிர்ந்து பார்க்காமல் இருக்க முடியவில்லை. "நம்ம பட்டையையும் இதில் போட்டுப் பாரேன்" என்றேன்.

"புதுப் பட்டைன்னா போடலாம் தாத்தா. பின் ஓட்டையில சரியாப் பொருந்தியிருக்குன்னு வச்சுத்தான் இந்தக் கணக்கு. தேஞ்சு பெருசான ஓட்டையில பின் ஒரு சின்ன இடத்துலதான் படும். அழுத்தம் இன்னும் ஏறும். கழட்டிப் பார்க்கிறதுதான் சரி."

மறுநாளே ஆள் வைத்துக் கழற்றினோம். நான்கு ஓட்டைகளும் மேல்புறம் மட்டும் தேய்ந்து முட்டை வடிவத்தில் இருந்தன. பிரெஞ்சில் இதற்கு 'ஓவலிஸாசியோன்' என்று பெயர். கீழ்ப்பாதி அப்பா மாட்டிய நாளில் இருந்ததுபோலவே வட்டமாக இருந்தது. ஒரு பட்டையில், மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தபோது, பக்கவாட்டில் மயிரிழைபோல் ஒரு கோடு தெரிந்தது. பேத்தி அதை விரலால் தடவிவிட்டு ஒன்றும் பேசவில்லை. பின்னையும் பட்டையையும் நான்கு இடத்திலும் புதிதாகச் செய்யச் சொல்லிவிட்டோம்.

வீட்டில் பழைய ஊஞ்சல் வைத்திருப்பவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை கழற்றிப் பாருங்கள். நீங்கள் ஏறாதீர்கள், ஆள் வையுங்கள். துருவைத் துடைத்து, ஓட்டையின் மேல்புறம் தேய்ந்திருக்கிறதா, பக்கவாட்டில் கோடு விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். கோடு தெரிந்தால் பற்றவைத்து ஒப்பேற்ற வேண்டாம், மாற்றிவிடுங்கள். இருபுறமும் 30 டிகிரி ஆடினாலே, ஊஞ்சல் கீழே வரும்போது சங்கிலி தாங்குவது நம் எடையைப்போல் ஒன்றேகால் பங்கு. பிள்ளைகள் 30 டிகிரியோடு நிறுத்துவார்களா என்ன?